கையுறை போட்டவர்கள் பக்கம்

மின்வாரிய அலுவலகத்தில் அவனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தால் காவலாளியே கையை விரித்துவிடுவான். நெட்டை எவ்வளவு கிளறினாலும் வாயைத் திறக்காத கல்லுளிமங்கன். அவனைச் சிரிக்க வைக்க ஒரே ஒரு ஆளால்தான் முடிந்தது. அவனோடு கம்பம் ஏறும் இன்னொரு லைன்மேன். நல்ல பிள்ளை, குடி கிடையாது, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நெட்டை தன் தங்கையை அவனுக்கே கட்டிக்கொடுத்தான். அன்றிலிருந்து குழு முழுக்க அவனுக்கு மாப்பிள்ளை என்றே பெயர்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஊழியர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் மாப்பிள்ளை குடியிருந்தான். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஜன்னலுக்கு வெளியே பழைய ட்ரான்ஸ்ஃபார்மர்கள். அதிலும் தங்கை நாலு தொட்டி வைத்து மிளகாய் வளர்த்தாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே அப்பாவின் வண்டி நிற்கிறதா என்று பார்க்க ஓடுவாள்.

குழுவுக்கு ரப்பர் கையுறை ஒரே ஒரு ஜோடி. அது ஜீப் சீட்டுக்கு அடியில் கிடக்கும். விரலிடுக்கில் கிழிசல், வெயிலில் காய்ந்து அட்டையாய் விறைத்திருக்கும். அதை மாட்டிக்கொண்டு ஒரு நட்டைக்கூடத் திருக முடியாது. பரிசோதனைக்கு மேலிடத்து ஆள் வரும் நாளில் மட்டும் ஒருவர் மாற்றி ஒருவர் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள்.

அப்படிப்பட்ட கையுறைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கம்பத்தில் யாராவது செத்தால், "கையுறை அணியவில்லை, சொந்தக் கவனக்குறைவு" என்று எழுதி மூடிவிடுவார்கள். வேலையில் நடந்த விபத்து என்றால் குடும்பம் வாரிய வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்; கவனக்குறைவுக்கு வீடு கிடையாது. குடும்பம் மூட்டை கட்ட வேண்டியதுதான். நாலைந்து குடும்பம் அப்படி நடுத்தெருவுக்கு வந்தபிறகு லைன்மேன்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒருவன் விழுந்தால், ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் கையில் கையுறையை மாட்டிவிடுவது. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊருக்கு ஊர் தனித்தனிக் குழு என்பதால், மாட்டிய பிறகு காகிதத்தில் என்ன எழுதினார்கள் என்றும் யாருக்கும் தெரியாது. செத்தவனுக்குச் செய்கிற கடைசி உதவி என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

அன்று கடைத்தெருவில் வேலை. லைனை அணைத்தாயிற்று. "மேல போயிட்டு வரேன் மச்சான்" என்று மாப்பிள்ளை ஏறினான்.

"கம்பத்துக்கு மேலதானே?" என்றான் நெட்டை. தினமும் சொல்கிற ஜோக்தான்.

கரண்ட் போனதும் ஏதோ ஒரு கடைக்காரன் ஜெனரேட்டரைப் போட்டான். அது தப்பாக இணைத்த ஜெனரேட்டர். கடைக்குள் ஓட வேண்டிய மின்சாரம் திரும்பித் தெருக் கம்பிக்கே வந்தது. வேலை தொடங்குமுன் கம்பியை மண்ணோடு இணைத்துக் கட்டும் எர்த் கம்பி இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. குழு கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன சாமான் அது. மாப்பிள்ளை சத்தம்கூடப் போடவில்லை. இடுப்பு பெல்ட்டில் அப்படியே தொங்கினான்.

கயிறு கட்டி இறக்கினார்கள். நெட்டை நெஞ்சை அழுத்தினான், வாயில் ஊதினான், மறுபடி அழுத்தினான். தெருமுனையில் ஆம்புலன்ஸ் தெரிந்தபோது ஃபோர்மேன் மெதுவாக, "நெட்டை, கை" என்றார். அவனுக்குப் புரிந்தது. விறைத்த ரப்பருக்குள் மாப்பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்தான். கல்யாணத்தன்று அவன் மோதிரம் போட்டுவிட்ட அதே கை. அழுகை அப்போதுதான் வந்தது.

உடம்பைக் கழுவும்போது தங்கை உள்ளங்கையைப் பார்த்துவிட்டாள். தீய்ந்து கருத்திருந்தது. பக்கத்தில் கழற்றி வைத்த கையுறையில் தீய்ந்த தடமே இல்லை. அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அலுவலகத்திலிருந்து வந்த காகிதத்தில் மாரடைப்பு என்று இருந்தது. இதயம் நின்றதால் மரணமாம். இதயம் நிற்காமல் செத்தவன் இந்த உலகத்தில் எவன் இருக்கிறான்? மாரடைப்பு என்றால் வேலையில் நடந்த சாவு இல்லை. வேலையில் சாகாதவன் குடும்பத்துக்கு வீடும் இல்லை.

நெட்டை பாதுகாப்புப் பிரிவு அதிகாரியைப் பார்க்கப் போனான். கணக்கில் புலி என்று பெயரெடுத்தவர். கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"இங்க பாருப்பா, கையுறை போட்டவங்கள்ல ஒருத்தர்கூட கரண்ட் அடிச்சுச் சாகலை. பூஜ்யம். அடிபட்டுச் செத்தவங்க அத்தனை பேரும் போடாதவங்க. உன் மச்சான் போட்டிருந்தார். அப்போ கரண்ட்னு எப்படி எழுதுறது?"

"போட்டிருந்தவங்க எப்படிச் செத்தாங்க சார்?"

"ஹார்ட். அதுதான் கவலையா இருக்கு. கரண்ட் சாவு குறைஞ்சிருக்கு, மாரடைப்பு கூடிக்கிட்டே போகுது. அதனாலதான் உங்களுக்கெல்லாம் மருத்துவக் கேம்ப் போட்டோம்."

போட்டார்கள்தான். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நாள் முழுக்க வெயிலில் கம்பம் ஏறுகிறவர்களைக் காலையில் எழுந்து நடக்கச் சொன்னார்கள்.

நெட்டை கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். அப்புறம் சொல்லிவிட்டான். "நான்தான் சார் மாட்டினேன். உயிர் போனப்புறம் மாட்டினேன். எங்க ஆளுங்க எல்லாருக்கும் அப்படித்தான் மாட்டுறோம்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"நீ சொல்றதை எழுதினா கவனக்குறைவுன்னு ஆகும். அப்பவும் வீடு கிடைக்காது. உன் மேலயும் ஃபோர்மேன் மேலயும் விசாரணை வரும். கணக்கும் மேல போயிருச்சு. போன கணக்கை யாரும் திரும்பத் திறக்க மாட்டாங்க."

"ஜெனரேட்டர் சார். எர்த் கம்பி இருந்திருந்தா—"

"அதையும் மேலிடத்துல கேட்டுப் பார்த்தேன். கையுறை போட்டா சாவே இல்லைன்னு நீங்களே கணக்கு அனுப்பியிருக்கீங்க, அப்புறம் எதுக்குக் கம்பின்னு கேட்கிறாங்க. பூஜ்யத்தைக் காட்டி நான் எதைக் கேட்கிறது?"

அந்தப் பூஜ்யத்தைச் செய்தது யார் என்று நெட்டைக்கு வழியெல்லாம் உறைத்தது. இரக்கப்பட்டு மாட்டிய ஒவ்வொரு கையுறையும் அந்தப் பூஜ்யத்துக்குப் போட்ட செங்கல். அதில் கடைசிச் செங்கலை வைத்தவன் அவனேதான். சாக வேண்டும்போல் இருந்தது. ஆனால் செத்தாலும் மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள்.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டினால் தேவலை என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்ற ஆரம்பித்தாள். நெட்டையின் வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர். மாமியார் வீட்டில் அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும் பேச்சே எடுக்கவில்லை. எங்கே போவது என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

சாவியை ஒப்படைக்க அண்ணனும் தங்கையும் அலுவலகத்துக்குப் போனார்கள். வாசல் சுவரில் புதிதாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் வெறுங்கை, சிவப்பில். அதன் கீழே இறந்தவர்களின் எண்ணிக்கை. இன்னொரு பக்கம் கையுறை போட்ட கை, பச்சையில். அதன் கீழே, மின்சாரத்தால் ஒருவர்கூட இறக்கவில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பசை இன்னும் காயவில்லை.

தங்கை இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

"இந்தக் கணக்குல அவரும் இருக்காரா அண்ணா?"

"இருக்கார்மா."

"எந்தப் பக்கம்?"

நெட்டை கையை நீட்டிப் பச்சைப் பக்கத்தைக் காட்டினான். தங்கை உள்ளே போய்ச் சாவியை மேசைமேல் வைத்தாள்.