வான்கோழிக்கு நான் செய்த உதவி

மூன்று வாரமாகப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேச முடியவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அவள் நல்ல பெண். தப்பு முழுக்க என் மேல்தான்… அதை எழுதித் தொலைத்தால் பாரம் குறையுமோ என்று பார்க்கிறேன்.

ஸ்டெல்லா ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ் எங்கள் ஓரிக்கை தெருமுனையில் ஏற்றி, அங்கேயே இறக்கி விடும். ஆசையாக ஒரு ஜோடி வான்கோழி வளர்த்தாள். சேவலைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றுவிட்டன. அதே வாரம் பெட்டையையும் காணோம். அதையும் நாய் தின்றுவிட்டது என்றே நினைத்தோம்.

ஒரு லீவு நாளில் ஸ்டெல்லா கண்டுபிடித்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரு காலி மனை உண்டு. சொந்தக்காரர் எந்த ஊரில் இருக்கிறாரோ, ஆளுயரத்துக்கு வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடக்கிறது. மதியம் அதிலிருந்து வான்கோழி வெளியே வந்து, அவசர அவசரமாக இரை தின்றிருக்கிறது. திரும்பிப் போகும்போது நேராகப் போகவில்லையாம். அங்கே நின்று, இங்கே கொத்தி, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு சடக்கென்று புதருக்குள் நுழைந்துவிட்டதாம்.

“பதினோரு முட்டைண்ணா, அடை உக்காந்துகினு இருக்குது. சேவல்தான் பூடுச்சே, இதான் அதோட கடைசி வாரிசு. எனக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். நீங்க கொஞ்சம் பாத்துக்கங்கண்ணா” என்றாள்.

பாத்துக்கங்க. இந்த ஒரு சொல்லை நம்மிடம் சொல்லலாமா?

நான் பிறந்தது நெசவாளர் தெருவில். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டுவார்கள் – சேலைக்கு நெடுக்கே ஓடும் பட்டு இழைகள். ஒரு முள், ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் போதும், இழை மாட்டி அறுந்துவிடும். அதனால் எங்கள் தெரு ஆட்களுக்கு ஒரு பழக்கம். முள்ளைக் கண்டால் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே ஒடிப்போம், நடந்துகொண்டே பொறுக்குவோம். நான் தறியை விட்டு ஆபீஸ் வேலைக்குப் போய், ரிட்டயரும் ஆகிவிட்டேன். கை மட்டும் இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம், கோழி இரைக்கு வெளியே வந்த நேரம் பார்த்து வெட்டுக்கத்தியோடு உள்ளே போனேன். பார்த்ததும் மனசு கேட்கவில்லை. மேலே முள், பக்கத்தில் முள், எதிரே காய்ந்த கிளை. பாவம், காணாமல் போன இந்தப் பத்தொன்பது நாளும் இந்த இருட்டிலா இருந்திருக்கிறது? வெளிச்சம் விழுகிற மாதிரி மேல் கிளைகளை வெட்டினேன். போய்வர ஒரு பாதை போட்டேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு பிடி கம்பு. வெட்டிய முள்ளைக் கட்டாகக் கட்டி மூலையில் ஒதுக்கினேன். காற்றோட்டமாக, பளிச்சென்று… எனக்கே குடியிருக்கலாம் போல இருந்தது!

கோழி திரும்பி வந்தது. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. மூன்று சுற்று சுற்றியது. ரொம்ப நேரம் கழித்துத்தான் போய் உட்கார்ந்தது. புது வீடு, கூச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தூரத்திலிருந்தே போனில் படம் எடுத்தேன். அருமையாக விழுந்தது.

“ஏங்க, அது கேட்டுச்சா உங்கள?” என்றாள் என் மனைவி. நான் படத்தைக் காட்டினேன்.

மறுநாள் காலை ஸ்டெல்லா பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக்கூட வைக்காமல் பின்பக்கம் போனாள். ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை. நானும் மனைவியும் போய்ப் பார்த்தோம். கீரி வந்திருக்கிறது. எட்டு முட்டை உடைந்து கிடந்தது. மிச்சம் மூன்றும் சில்லென்று இருந்தன. கோழி மதில் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, இறங்கவில்லை.

ஸ்டெல்லா முள் கட்டைப் பார்த்தாள். “யாரோ வெறகுக்கு வெட்டியிருக்காங்கண்ணா” என்றாள்.

தப்பிக்க நல்ல வழி. அவளே திறந்துவிட்டாள். ஒரு நிமிஷம் – உண்மையைச் சொல்கிறேன் – அதற்குள் நுழைந்துவிடலாமா என்றுதான் இருந்தது. மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான்தாம்மா வெட்டினேன். கீரி வரும்னு தெரியாது” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

“கீரி இன்னிக்கா வந்துச்சு? எப்பவும் இங்கதாண்ணா சுத்திக்கினு இருக்குது. இத்தினி நாளு அது கண்ணுல படல, அவ்ளோதான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “பாத்துக்கங்கன்னு சொன்னது, சும்மா இருக்கத்தாண்ணா” என்றாள்.

அழுகை வந்துவிட்டது எனக்கு. இந்த வயதில்.

பிறகு தேடிப் படித்தேன். புத்தி அப்போதுதானே வரும்? வான்கோழி அமெரிக்கக் காட்டுப் பறவையாம். அங்கேயும் பெட்டை முட்டையிட அடர்ந்த புதரைத்தான் தேடுமாம். மேலே மூடாக்கு வேண்டும், சுற்றிலும் மறைப்பு வேண்டும். எத்தனையோ தலைமுறையாக மனுஷனிடம் வளர்ந்தும், ஓரிக்கையில் அது தேடிக்கொண்டது அதே மாதிரி இடம்தான். நமக்கு நல்ல வீடு என்றால் வாசல் விசாலமாக, நாலு பேர் பார்க்கும்படி இருக்க வேண்டும். அதற்கு நல்ல வீடு என்றால் வாசல் எது என்றே தெரியக் கூடாது. நான் இருட்டு என்று வெட்டித் தள்ளியது அதன் கதவை.

புதர் என்றாலே நமக்கு யாரும் கவனிக்காமல் விட்ட இடம். ‘கிளீன் பண்ணணும்’ என்று தெரு வாட்ஸ்அப் குரூப்பில் முதல் மெசேஜ் போட்டவனே நான்தான். உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

மூன்று முட்டையும் பொரியவில்லை. சேவல் இல்லாவிட்டாலும், முன்பு சேர்ந்ததை வைத்தே சில வாரம் வரை பெட்டை கருவுள்ள முட்டையிடலாம் என்று கால்நடை டாக்டர் ஸ்டெல்லாவிடம் சொன்னாராம். அந்தச் ‘சில வாரம்’ இப்போது முடியப் போகிறது.

நேற்று மதியம் எங்கள் மதில் ஓரம் வான்கோழி வந்தது. தவிட்டை அவசர அவசரமாகக் கொத்தியது. அந்த அவசரம் எதற்கென்று எனக்கு இப்போது தெரியும், எங்கேயோ மறுபடி முட்டை இருக்கிறது. தின்று முடித்துத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. போகாமல் நின்றது.

நான் வீட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.