மணல் லாரிக்கு இருந்த இடம்

அச்சான மலரைப் பிரித்து என் கட்டுரையைப் படித்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. அதில் என் மனைவியைக் காணோம்.

அஸ்தினாபுரத்தில் நாங்கள் வீடு கட்டிய கதை அது. எங்கள் நகர் நலச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். மலரைத் தொகுத்த எதிர்வீட்டுத் தமிழாசிரியர் தாள்களை எடை போடுவதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார்.

"நாலு பக்கம்தான் சார் இடம். எதை எடுத்தாலும் கட்டுரை நிக்குதோ, அதை எடுத்துடுங்க. நல்ல எழுத்துக்கு அதான் விதி."

ஹெல்மெட் தவிர மற்ற எல்லா விதிக்கும் நான் கட்டுப்பட்டவன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'மிக' போயிற்று. 'அழகிய' போயிற்று. அந்த ருசியில் பத்தி பத்தியாகப் போயிற்று. எதை எடுத்தாலும் வீடு ஜம்மென்று நின்றது. மேஸ்திரி பிழைத்துக்கொண்டார். மணல் லாரி இரண்டு இடத்தில் வந்தது.

மலர் அச்சாகி வந்த அன்று மாலையே வெளியீடு. மலர்க் கட்டுகளை எங்கள் ஹாலில்தான் இறக்கியிருந்தார்கள். எல்லாப் பிரதியிலும் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டுகளின் மேல் கம்பளியைப் போட்டு மூடினேன். மே மாதத்தில்.

"யாருக்குக் குளிர் ஜுரம்?" என்றபடி மனைவி வந்தாள். கையில் ஒரு பிரதி. "படிச்சேன். கச்சிதமா இருக்கு."

எனக்கு மூச்சு வந்தது.

"ஒரே ஒரு சந்தேகம்ங்க. செவுத்துக்கு யாரு தண்ணி விட்டது? தானாவே நனைஞ்சுதா?"

வந்த மூச்சு திரும்பிப் போனது. ஆறு மாதம், கூடுவாஞ்சேரி வாடகை வீட்டிலிருந்து விடிகாலை ரயிலேறி வந்து, சுவரெல்லாம் நனைத்துவிட்டு, ஈரப் புடவையோடு ஆபீஸ் போனவள் அவள்.

"இடம் இல்லைன்னு எதிர்வீட்டு சார்தான்..."

"மணல் லாரிக்கு இருந்துதே?"

மாலை மேடையில் கட்டுரையை வாசிக்கச் சொன்னார்கள். மலரை மூடி வைத்தேன். வெட்டியதையெல்லாம் ஞாபகத்திலிருந்து சொன்னேன். ரயில், தண்ணீர், ஈரப் புடவை. சொன்ன வேகத்தில் 'மிக' மூன்று தடவை வந்தது. தமிழாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில் அவள் முந்தானை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, "எப்படி?" என்றேன்.

"ரொம்ப இழுத்துட்டீங்க."

நாலு வீடு தாண்டியதும் நின்றாள்.

"அந்தப் பச்சை டியூப் ஓட்டையாகி என்னைத் தொப்பலா நனைச்சுதே, அதை ஏன் சொல்லலை?"