வாசலுக்கு மேலே ஒரு ரோடு

எங்கள் தெருவில் சங்கம் தொடங்கியதற்குக் காரணம் அண்ணன்தான். தெருவின் தாழ்ந்த கோடியில், கடைசி வீட்டுக்காரரை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். திருச்சுழிப் பக்கம் இருந்த மானாவாரிக் காட்டை விற்றுவிட்டு வந்து, அருப்புக்கோட்டைக்கு வெளியே அந்த மனைப்பிரிவில் முதலில் வீடு கட்டியவர்கள் அவரும் அவர் மனைவியும். அந்த அக்காவை நான் நினைக்காத மழை இல்லை.

நான் பரளச்சிப் பக்கத்துக்காரி. என் அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களையெடுத்தவர்கள். நான் டவுனில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். எங்கள் ஊரில் அக்காவைப் போன்ற வீட்டுப் பெண்கள் என் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வாசலோடு நிறுத்திப் பேசுவார்கள். அக்கா முதல் நாளே என்னை அடுப்படி வரைக்கும் கூட்டிப்போய்க் காபி கொடுத்து, தங்கச்சி என்றாள்.

ஒரு கார்த்திகையில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. எங்கள் தெரு அப்போது வெறும் கரிசல் மண். நனைந்துவிட்டால் சக்கரத்தை விடாது. மெயின் ரோட்டில் நின்றுவிட்ட ஆம்புலன்ஸால் உள்ளே வர முடியவில்லை. அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டி, தெரு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவழியில் ஒருவர் கால் வழுக்கி நாற்காலி சரிந்தது. அண்ணன் சேற்றில் விழுந்தார். அக்கா முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, தூக்குங்க என்று மட்டும் சொன்னாள். பெரியாஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் கை கால் இவ்வளவு மோசமாகியிருக்காது என்றார்கள்.

அந்த வாரமே கூடினோம். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர் தலைவர். எனக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வேறு என்னென்னவோ குறைகள் இருந்தன. தெருவிளக்கு எரியாது, குடிதண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது, குப்பை வண்டி எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. ஆனால் முதலில் ரோடு என்று ஒரே பேச்சாகச் சொன்னோம்.

திங்கட்கிழமைகளில் விருதுநகருக்குப் பஸ் ஏறுவோம். அண்ணனைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அக்காவும் வருவாள். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் வரிசையில் வெயிலில் நிற்கும்போது, எனக்கு முன்னால் நின்று சேலைத் தலைப்பை என் தலைக்கும் சேர்த்துப் பிடிப்பாள். ரோட்டோடு, தண்ணீர் வடிய வாறுகாலும் வேண்டும் என்றுதான் கேட்டோம். ரோடு இப்போது வரும், வாறுகால் அடுத்த நிதியில் வரும் என்று பதில் வந்தது. அதுவே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

ரோடு வந்தபோது ஊர்த் திருவிழாபோலத் தெருவே வெளியில் நின்றது. ஜல்லி லோடு லோடாகக் கொட்டினார்கள். பழைய மண்ணைத் தோண்டாமல் அதன்மேலேயே கொட்டுகிறார்கள் என்பதை அக்காதான் முதலில் பார்த்தாள். அவர்கள் வீடு, தெருவில் ஒன்றுமே இல்லாத காலத்தில் கட்டியது, கடைக்கால் தாழ்வு. ஜல்லி பரப்பி முடித்தபோது அது அவள் வாசற்படியைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் கான்கிரீட் வேறு வர வேண்டும்.

தலைவர் காண்ட்ராக்டரிடம் பேசினார். தோண்டிப் போட எஸ்டிமேட்டில் இடமில்லை, வேண்டாமென்றால் சொல்லுங்கள், சாமானை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம், பணம் திரும்பிப் போய்விடும் என்றான் அவன். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கிடைத்ததை விட்டுவிடுவோமோ என்ற பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது. யாரும் வாயைத் திறக்குமுன் அக்காவே தலைவரிடம் சொன்னாள்.

"போடட்டும்ண்ணே. எங்க ஒரு வீட்டுக்காக ஊரு ரோட்ட நிறுத்தவா? நம்ம பக்கம் மழ என்னைக்குப் பேஞ்சு கெட்டுச்சு."

அவள் சொன்னதும் எங்களுக்கு மூச்சு வந்தது. ரோடு வெள்ளையாக, நேராக வந்தது. கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்த அண்ணன், நல்ல கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அடுத்த சில மாதங்களில் எல்லோரும் தங்கள் வாசலிலிருந்து ரோட்டுக்குச் சிமெண்டில் சரிவு கட்டிக்கொண்டார்கள். நாங்களும் பைக் ஏற்றக் கட்டினோம். அக்காவின் வீட்டைச் சுற்றியிருந்த காலி மனைகளிலும் வீடுகள் எழும்பின. முன்பெல்லாம் மழைத்தண்ணீர் அந்த மனைகள் வழியாகத்தான் கண்மாய்க்கு ஓடும்.

இரண்டு வருஷம் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. அதற்கடுத்த ஐப்பசியில் ஒரு பகல் முழுக்கக் கொட்டியது. லேபில் இருந்த எனக்குத் தலைவர் போன் செய்தார். நான் போனபோது ரோடு கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. அதில் விழுந்த தண்ணீர் அத்தனையும் சரிந்து இறங்கி அக்காவின் வீட்டுக்குள் நின்றது. சேறும் சாக்கடையும் கலந்து முழங்காலுக்கு மேல். அரிசிப் பை நனைந்து கிழிந்திருந்தது. அக்கா கட்டில்மேல் ஏறி, அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் மெத்தையைத் தொட்டுவிட்டது.

அண்ணனுக்கு அப்போது பேச்சு குழறும். என்னைப் பார்த்ததும், "மழ நல்லாப் பேயுதா? காடு நனஞ்சிருச்சா?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். காட்டை விற்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"நனஞ்சிருச்சுங்க. நாளைக்கு உழுதுரலாம்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவரை வெளியே கொண்டுவந்தபோது ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது. இந்த முறை யாரும் சுமந்துகொண்டு ஓட வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே தலைவர் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார். ஆண்பிள்ளை ஒருவர் தெருவில் அப்படி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனை நேராகக் காரியாபட்டியில் இருந்த மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் மறுபடியும் அலுவலகத்துக்கு நடந்தோம். இந்த முறை வாறுகாலுக்கு இழுத்தடிக்கவில்லை. படம் எடுத்துக் காட்டியதும் ஒருவர் வந்து அளந்து பார்த்தார். இரண்டு பக்கமும் வீட்டை ஒட்டித்தான் தோண்ட வேண்டும், வாசலில் கட்டியிருக்கும் சரிவும் படியும் போகும், எல்லோரும் சம்மதித்தால் வேலையைத் தொடங்கலாம் என்றார்.

அந்தக் கூட்டத்துக்காக அக்கா காரியாபட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். தலைவர் விஷயத்தைச் சொன்னார். பிறகு மேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மெதுவாகத்தான் சொன்னார்:

"ஒரு வீட்டுக்காக எல்லாரு வாசலையும் இடிக்கணும்ங்கிறீக. கொஞ்சம் யோசிங்க."

அவர் கெட்டவர் இல்லை. அண்ணனைச் சேற்றில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்து, அப்போதுதான் வாசலுக்கு டைல்ஸ் பதித்திருந்தார். எங்கள் வாசலை முதலில் இடிக்கட்டும் என்று நான் எழுந்து சொன்னேன். தலைவரும் சொன்னார். இன்னும் ஓரிருவர் தலையாட்டினார்கள். மற்றவர்கள் வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வரவேயில்லை.

அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பாளையம்பட்டி ஸ்டாப்பில் நின்றபோது அவள் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனுக்குச் சளி கட்டியிருக்கிறது, மூச்சு விடச் சிரமப்படுகிறார் என்றாள். அந்த வீட்டுக்குப் போகலாம் என்று தினமும் கேட்கிறாராம். பஸ் வந்ததும், "வாரேன் தங்கச்சி" என்று ஏறிக்கொண்டாள்.

மார்கழியில் அண்ணன் இறந்துபோனார். வேன் பிடித்துத் தெருவே காரியாபட்டிக்குப் போனது. வாசலுக்கு டைல்ஸ் பதித்தவர்தான் பெரிய மாலையாக வாங்கி வந்தார். அக்கா எல்லோருடைய கையையும் பிடித்துக்கொண்டாள், அவர் கையையும். என்னிடம் மட்டும், "அவுகள ஒருநா அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

அக்கா விற்ற வீட்டை வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டு, ரோட்டைவிட ஓர் ஆள் உயரத்துக்குக் கடைக்கால் போட்டு மாடிவீடு கட்டியிருக்கிறார்கள். வாறுகால் இன்னும் வரவில்லை. சங்கத்தின் பெயரில் போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் காலை வணக்கப் படங்கள் வருகின்றன. தண்ணீருக்கும் போக வேறு வழி வேண்டுமே, இப்போது அது தலைவர் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. போன மழையில் அவர் வீட்டுக்குள் நடை வரைக்கும் ஏறியது.

எங்கள் பக்கம் மழை என்று தெரிந்தால் அக்கா காரியாபட்டியிலிருந்து எனக்குப் போன் செய்வாள். அந்த மழைக்கும் செய்தாள்.

"யாரு வீட்டுக்குள்ளயும் தண்ணி போகலையே?"

"இல்லக்கா" என்றேன்.