சீட்டுக்கு அடியிலிருந்த டேங்க்

என் பழைய ஜீப் பிக்கப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. பங்கில் ஒவ்வொரு முறையும் நான் இறங்கி, சீட்டைத் தூக்கித்தான் பெட்ரோல் போட வேண்டும். முட்டி தேய்ந்த பிறகு அது பெரும்பாடாகிவிட்டது.

டேங்க் ஒழுகியதால் வடகரப்பதியில் வெல்டிங் பட்டறைக்காரரிடம் வண்டியை விட்டேன். மூன்றாம் நாள் போனால், டேங்கையே கழற்றிப் பின்னால், சாமான் ஏற்றும் இடத்துக்கு அடியில் மாட்டியிருந்தார்.

"ஒழுகறத அடைக்கச் சொன்னா வண்டியவே மாத்தி வெச்சிருக்கீங்க! உங்கள யாருங்க கேட்டா?" என்று கத்தினேன்.

"முட்டி வலியோட எத்தன வாட்டிங்க எறங்குவீங்க?" என்றார். கோபம் தணியாமல் ஏறி வண்டியை எடுத்தேன்.

பங்கில் நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் இறங்கிச் சீட்டைத் தூக்கினேன். அடியில் வெறும் தகரம். பெட்ரோல் போடும் பெண் சிரித்துவிட்டாள். அப்போதுதான் உறைத்தது, இறங்கும்போது முட்டி வலிக்கவே இல்லை. குனிந்து பார்த்தேன். கதவுக்குக் கீழே புதிதாக ஓர் இரும்புப் படி பற்றவைத்திருந்தது. கோபத்தில் அதை மிதித்து ஏறியதுகூட எனக்குத் தெரியவில்லை.

வண்டியைப் பட்டறைக்கே திருப்பினேன்.

"ஏனுங்க, மறுபடியும் ஒழுகுதுங்களா?" என்று பதறி எழுந்தார்.

"இல்லீங்க. வாங்க, டீ குடிக்கலாம்" என்றேன்.