கஸ்டம்ஸ்காரர் அண்ணன் இல்லை

கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கிரேன் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் அவருக்குத் தெரிவதெல்லாம் கப்பல் விளிம்பில் நிற்கும் ஒரு ஆளின் கை மட்டும்தான். விரல் மேல்நோக்கிச் சுழன்றால் ஏற்று. கீழ்நோக்கிச் சுழன்றால் இறக்கு. முஷ்டி மூடினால் நிறுத்து. அந்தமானில், போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடங்களாக அந்தக் கை என் பெரியப்பா மகன் சுரேந்திரனுடையது. மெயின்லேண்டிலிருந்து வந்த சிமெண்டு, வெங்காயம், ஆட்டுக்கல் எல்லாம் அவர் விரலை நம்பித்தான் கரை இறங்கின.

வீட்டிலும் அதே பாஷைதான். சோறு போதும் என்றால் முஷ்டி. இன்னும் கொஞ்சம் குழம்பு என்றால் விரல் கீழே சுழலும். அண்ணி அமிர்தவல்லிக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அவரும் கற்றுக்கொண்டு, புருஷன் அதிகம் பேசும்போதெல்லாம் முஷ்டியைக் காட்ட ஆரம்பித்தார். அதிகம் பேசுவது அண்ணனுக்குச் சின்ன வயதுப் பழக்கம்.

எங்கள் பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேற்றப்பட்டு, நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் மரத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர்கள். தேயிலை கிள்ளிய கை பால் வெட்டப் பழகியது. வாய்க்கு இந்தி மட்டும் பழகவில்லை. தோட்டத்து ஹாலில் இருந்த ஒரே டி.வி.யோ இந்தி மட்டும்தான் பேசியது. போர்ட் பிளேர் ஹாஸ்டலில் இரண்டு வருடம் படித்து, பெயிலாகி, இந்தியோடு திரும்பி வந்தவர் சுரேந்திரன் அண்ணன். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.க்குப் பக்கத்தில் அவர் நிற்பார். டி.வி. சொல்லும். அவர் தமிழில் சொல்வார். நாங்கள் நூறு பேர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு அவரைக் கேட்போம்.

தொண்ணூற்றொன்றில் வந்தது 'சாத்வா டாப்பு'. ஏழாவது தீவு என்று பொருள். இருபத்தாறு வாரம். அட்டையில் குகை, அட்டையில் கப்பல். பின்னால் நீலத் துணியை யாரோ இரண்டு பேர் ஆட்டுவார்கள், அதுதான் கடல். வாசலில் நிஜக் கடலை வைத்துக்கொண்டு அந்தத் துணியை வாய் பிளந்து பார்த்தோம். கேப்டன் புயலில் காணாமல் போகிறான். அவன் காதலி சாந்தினி கரையில் நிற்கிறாள். பத்து வயதில் எனக்கு அதைவிடப் பெரிய காவியம் இல்லை. ஹாலைப் பின்னால் சுனாமி கொண்டுபோனது. சீரியலும் மறுபடி வரவே இல்லை.

போன அக்டோபரில் யாரோ ஒரு புண்ணியவான் இருபத்தாறையும் யூடியூபில் ஏற்றிவிட்டான். அதற்கு இன்று ஒரு பக்தர் கூட்டமே இருக்கிறது. அட்டைக் குகையின் நீள அகலத்துக்கெல்லாம் சண்டை போடுகிறார்கள். நான் டென்மார்க்கில் இருக்கிறேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி நடக்கிற ஜாதி. ஆனாலும் அன்று ஒரு எபிசோடைக்கூடப் பார்க்காமல், சந்தோஷத்தில் லிங்க்கைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன். நெட்டை நம்ப முடியாது என்று இரண்டு பென் டிரைவிலும் இறக்கி வைத்தேன்.

அண்ணி உடனே குரலில் பதில் அனுப்பினார். "ஷீலா! டிசம்பர்ல நீ வர்றப்ப எல்லாம் ஒன்னா குந்திப் பார்ப்போம். அந்த ஜெட்டி சீன, அவ படகுத்தொறயில நிக்கிறத, நா மறுபடி பார்க்கணும் தாயி."

பத்தாவது நிமிடம் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"அரே, தங்கச்சி, அத அழிச்சிரு."

"ஏண்ணே? அது என் சேனல் இல்லியே."

"அந்த ஜெட்டி சீனு..." என்று இழுத்தார். "அது நான் சொன்ன மாதிரி இல்ல."

அன்று ராத்திரியே பத்தொன்பதாவது எபிசோடைப் பார்த்தேன். அண்ணன் எங்களுக்குச் சொன்னது இதுதான்: படகுத்துறைக்கு கஸ்டம்ஸ் ஆபீசரின் படகு வருகிறது. "வர்றேன்னு சொன்னவன் வருவான். கெடைக்கலன்னா நானே தேடிப் போறேன்" என்று சொல்லி சாந்தினி படகில் ஏறுகிறாள். ஆபீசர் அவள் கூடப்பிறந்த அண்ணன்.

இந்தியில் சாந்தினி சொல்வது: "மூணு வருஷம் பார்த்தாச்சு. இனிமே முடியாது." அந்த ஆபீசரையே கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விடுகிறாள்.

மீதி எபிசோடுகளை அண்ணன் எப்படிச் சமாளித்தார் என்று அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. சாந்தினியும் ஆபீசரும் பூந்தோட்டத்தில் கைகோத்துப் பாடும்போது ஹாலில் வெள்ளைச்சாமி மாமா எழுந்து கேட்டார்: "என்னாடா இது, அண்ணன் தங்கச்சி கையப் புடிச்சிக்கிட்டு மரத்தச் சுத்துது?"

"வடக்க அப்பிடித்தான் மாமா" என்றார் அண்ணன். இருபத்து நாலாவது வாரம் குழந்தை வந்தது. கடலில் கண்டெடுத்தார்கள் என்றார்.

விளையாட்டுக்குச் செய்ததல்ல. அதே தோட்டத்தில் இருந்த அண்ணிக்கு அப்போது நடு அந்தமான் ரங்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பன்னீர்செல்வம், சொந்த லாரி. அண்ணனிடம் சொந்தமாக ஒரு செருப்பு இருந்தது. துறைமுகத்தில் வேலை தேடிக் கப்பலேறப் போகிறவர், போவதற்கு முன்னால் அமிர்தவல்லியிடம் நேரில் சொல்லத் தைரியமில்லாததைச் சாந்தினி வாயில் போட்டு, நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டார். கடைசி எபிசோடு வருவதற்குள் அவர் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று கரண்டும் போனது. முடிவை யாரும் பார்க்கவில்லை. அண்ணி நாலு வருடம் காத்திருந்தார். பன்னீர்செல்வத்துக்கு இன்று அந்தமான் ட்ரங்க் ரோட்டில் இரண்டு பஸ் ஓடுகிறது. அந்த பஸ்ஸைப் பார்த்தாலே அண்ணன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார்.

"இப்ப ஒங்க அண்ணி இந்தி என்ன மாதிரி தெரியுமா?" என்றார் அண்ணன் அன்றைய போனில். "பெங்காலிக்காரிங்ககூட சண்ட போட்டு கத்துக்கிட்ட இந்தி. ஒரு வார்த்த தப்பாது."

டிசம்பரில் நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் குவார்ட்டர்ஸில் நெட் வேலை செய்யவில்லை. மோடத்தின் வயரைக் காணோம். "எலி" என்றார் அண்ணன். எலி வயரைக் கடிக்கும். சுருட்டி பீரோ மேலே வைக்குமா?

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ டவுன்லோட் பண்ணிருப்பியே. ஒனக்குத்தான் எதுலயும் நம்பிக்க இல்லியே."

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ரெண்டு பென் டிரைவுல இருக்கு அண்ணி" என்று வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணி. பத்தொன்பதைப் போட்டேன். நீலத் துணி ஆடியது. சாந்தினி பேசினாள், படகில் ஏறினாள். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க, மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்று.

"நிறுத்து" என்றார் அண்ணி. பிறகு புருஷனிடம்: "எந்திரிச்சி டி.வி. பக்கத்துல நில்லுங்க. முன்ன மாதிரி."

நின்றார்.

"இவன் யாரு?"

"கஸ்டம்ஸ் ஆபீசரு."

"அவளுக்கு என்ன ஒறவு?"

"...புருஷன்."

"கடல்ல கெடச்ச புள்ள?"

"அவுங்க புள்ளதான்."

கடைசி எபிசோடையும் போடச் சொன்னார். கேப்டன் தாடியோடு திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். சாந்தினி திறந்து, ஒரு நிமிடம் பார்த்து, உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் கொடுக்கிறாள். கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான், முற்றும்.

அண்ணி ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தார்.

"ரங்கத்து லாரிய வேணாம்னு சொன்னப்ப எங்கப்பா என்னை வெளக்குமாத்தால அடிச்சாரு. நானா முடிவு பண்ணுனேன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன். நீ சொல்லிக் குடுத்ததச் செஞ்சிருக்கேன்."

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. நான் என் பாஸ்போர்ட் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அண்ணி எழுந்து உள்ளே போனார். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். அதை அண்ணன் கையில் கொடுத்து, தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளி, கதவைச் சாத்தினார். நானும் எப்படியோ வெளியே இருந்தேன். எதிர்க் குவார்ட்டர்ஸ் ரூபா துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு, "க்யா ஹுவா பாய்?" என்று, என்ன ஆச்சென விசாரித்தாள்.

"குச் நஹீ" என்று, ஒன்றுமே நடக்காததுபோல் சொன்ன அண்ணன், சமையலறை ஜன்னல் பக்கம் போய், தண்ணீர் சிந்தச் சிந்தப் பேசினார்.

"நா பொய்தான் சொன்னேன், சரி. ஆனா நூறு பேரு கேட்டாங்கல்ல, அமிர்தம்? ஒச்சம்மா ஒன் பக்கத்துலதான் குந்தியிருந்துச்சு. அதோட ஆளு போர்ட் பிளேரு போயி ஒரு மாசம் ஆகல, அது வேற ஒருத்தனக் கட்டிக்கிச்சு. மத்த பொண்ணுங்களும் அதே கதயத்தான் கேட்டுச்சு. காத்திருந்தது நீ மட்டுந்தான். அத நான் சொல்லிக் குடுக்கல. எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சிருந்தா நா ஏன் ஹாஸ்டல்ல பெயிலாவுறேன்? அதோட அந்த கஸ்டம்ஸ்காரன்..."

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வந்தது. மூடிய முஷ்டி.

அண்ணன் வாயை மூடினார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் சைகையை எந்த கிரேன்காரரும் இத்தனை உடனே கேட்டிருக்க மாட்டார்.

உள்ளே கடுகு வெடித்தது. ரூபா துணியெல்லாம் உலர்த்தி முடித்து, உலர்த்தியதையே மறுபடி எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். அப்புறம் அதே கை வந்தது. ஆள்காட்டி விரல் கீழ்நோக்கி மெதுவாகச் சுழன்றது. இறக்கு.

சொம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்தார். அந்த விரல் மேல்நோக்கிச் சுழன்று 'ஏற்று' சொல்லுமா என்று, நாலு மணி வரைக்கும் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.