பேரைக் கேட்டேன், பையைக் கேட்கவில்லை

எண்பதுகளின் நடுவில் ஹட்டனிலிருந்த எங்கள் பிராந்திய அலுவலகத்துக்கு ஒரு கம்பியூட்டர் வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு படிவம் வந்தது. மூன்று தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து நிறுவையை தினமும் அந்த இயந்திரத்தில் பதிந்து, மறுநாள் காலையில் கொழும்புக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எங்கே கொழுந்து குவிகிறது, எந்தத் தோட்டத்துக்கு லொறி கூடுதலாக வேண்டும் என்பதை அங்கிருந்து தீர்மானிப்பார்களாம். லொறி நிற்பது ஹட்டனில்தானே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

படிவத்தின் நான்காம் கேள்வி: கொழுந்து மிகுந்த மாதங்களில் ஒரு நாளைக்கு ஆகக்கூடிய பதிவுகள் எத்தனை? அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை இயந்திரம், எத்தனை ஆள் என்று முடிவாகும்.

‘பதிவு’ என்ற சொல் தோட்டத்தில் எடுபடாது என்று நினைத்தேன். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் பிறந்தவன். தோட்டத்தில் எதையும் ‘பேர்’ என்றுதான் எண்ணுவார்கள். குறித்த அளவு கொழுந்து எடுத்தவருக்கு அன்றைக்கு ஒரு பேர், முழுச் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். ஆளைப் பாதியாக்கும் இந்த எண்ணிக்கை மலைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. ஆகவே தலைமை எழுதுவினைஞர் என்ற உரிமையில், படிவத்தைத் தொடாமல் கேள்வியை மட்டும் திருத்திக்கொண்டு தொலைபேசியை எடுத்தேன். முதலில் பேசியது வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கிளாக்கரோடு.

“ஏப்ரல், மே மாசத்துல ஒரு நாளைக்கு ஆகக் கூடுனா எத்தனை பேருங்க?”

“முந்நூறு போட்டுக்குங்க ஐயா. தொரை பங்களா நாயையும் சேத்தா முந்நூத்தி ஒண்ணு.”

“நாய்க்கு அரைப் பேரா, முழுப் பேரா?”

“அது கொழுந்தே எடுக்காம முழுப் பேர் வாங்குதுங்க.”

மற்ற இரண்டு தோட்டங்களையும் இப்படியே கேட்டுக் கூட்டி, விதிப்படி கால் பங்கு மேலே சேர்த்து அனுப்பினேன். ஓர் இயந்திரமும் ஓர் ஆளும் போதும் என்று கொழும்பு பதில் எழுதியது.

அந்த ஆள், அதே வட்டவளைப் பக்கத்து லயத்திலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண். உயர்தரம் படித்தவள், தட்டெழுத்தும் தெரியும். ஆறு மாதத் தகுதிகாண் காலம் மே மாதக் கடைசியில் முடிகிறது. நிரந்தரமாகாவிட்டால் அம்மாவோடு மலைக்குப் போய்க் கொழுந்துக் கூடை கட்ட வேண்டியதுதான் என்று வந்த முதல் நாளே சொன்னாள். விலாசம் சொல்வதைப் போலச் சொன்னாள்.

பெப்ரவரியில் பனி கொழுந்தைக் கருக்கியிருந்தது. பெண்கள் நாளுக்கு ஒரு தடவை நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்கு வந்து கொழுந்தை நிறுத்துவிட்டுப் போனார்கள். பேரும் பதிவும் ஒன்றாகவே இருந்தன. பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் இயந்திரம் ஓய்ந்தது. என் மதிப்பீட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டாயிற்று.

ஏப்ரலில் மழை விழுந்தது. நிறுவைத் துண்டுச்சீட்டுகள் முன்பு ஓர் உறையில் வந்தன, இப்போது பிஸ்கட் தகரத்தில் வந்தன. ஒரு நாள் பதிவுக்கு ஒரு பிளொப்பித் தட்டு போதவில்லை. புதுவருட விடுமுறை கழிந்தபோது அறிக்கை நான்கு நாள் பின்னால் கிடந்தது. பதிவாளரிடம், அதாவது அவளிடம், விளக்கம் கேட்கும்படி கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. அதற்கு ஒரு மாதிரிக் கடிதம் உண்டு. வெற்றிடத்தை நிரப்பி அவளிடம் நீட்டினேன்.

நின்றபடியே வாசித்தாள்.

“நான் சுணங்கலீங்க ஐயா. சோறு திங்கிறதே இந்த மெஷினுக்கு முன்னுக்குத்தான்.”

“தெரியும். எழுத்துல குடுங்க.”

“எழுத்துல என்னான்னு குடுக்க? நீங்க பேரக் கேட்டீங்கன்னு எங்க கிளாக்கரையா சொன்னாரு. இந்த மெஷின் பையத்தானே கேக்குது.”

“எந்தப் பை?”

“கொழுந்துப் பைங்க. எங்கம்மாவுக்குப் பேர் ஒண்ணுதான். நேத்து நாலு தடவ நிறுத்திருக்காங்க. நாலையும் நான்தான் அடிச்சேன்.” கடிதத்தை மடித்தாள். “ஐயாவும் லயத்துல பொறந்தவருன்னு சொன்னாங்க.”

கொழும்பிலிருந்து ஒருவர் வந்து கேட்டிருந்தால், பேர் என்ற சொல்லே தெரியாமல், ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிறுப்பீர்கள் என்று கேட்டுவிட்டுச் சரியான எண்ணோடு போயிருப்பார். ஆட்கள் கூடவில்லை. ஒவ்வொருவரும் தராசுக்கு வந்த தடவைகள்தான் கூடியிருந்தன. இதைப் பிழையாகச் செய்வதற்குத் தோட்டத்தை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அவளுடைய விளக்கம் என் குறிப்போடுதான் மேலே போகும். ‘எதிர்பார்த்ததை விட வேலை கூடிவிட்டது’ என்று எழுதலாம். எதிர்பார்த்தது யார் என்று எந்த அலுவலகமும் கேட்பதில்லை. ஆனால் அப்படி எழுதினால் அவளுடைய தகுதிகாண் காலத்தை நீடிப்பார்கள், அல்லது அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டுக்கும் சுற்றறிக்கை இருக்கிறது. படிவத்தின் பிரதியை எடுத்து நான்காம் கேள்வியின் கீழ்க் கோடிட்டேன். பதிவுகளைக் கேட்ட இடத்தில் பேர்களை நான் கேட்டேன், பிழை என்னுடையது, கொழுந்துக் காலத்துக்கு இன்னும் ஓர் இயந்திரம் வேண்டும் என்று எழுதி அவளுடைய விளக்கத்தோடு இணைத்தேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. அவள் எழுத்தில் கொடுத்ததை வாசித்தால் கொழும்பு அந்தப் படிவத்தை எப்படியும் தேடி எடுத்திருக்கும்.

இயந்திரம் ஜூலையில் வந்தது, கொழுந்து குறைந்த பிறகு.

அதற்கு முன்பே, மே மாதக் கடைசி வாரத்தில், முகாமையாளர் இரண்டு கடிதங்களைக் கையால் எழுதித் தட்டெழுத்துக்கு அனுப்பினார். ஒன்று அவளை நிரந்தரமாக்குவது. மற்றது என்னிடம் விளக்கம் கேட்பது. அலுவலகத்தில் அப்போது தட்டெழுத்துத் தெரிந்தவள் அவள் மட்டும்தான்.

என் மேசைக்கு வந்தாள்.

“ஐயா, உங்களுதுல கவனயீனம்னு ரெண்டு எடத்துல இருக்கு. ஒண்ண எடுத்துறவா?”

“மூலத்துல உள்ளபடி அடிங்க.”

“பாவமா இருக்குங்க ஐயா.”

“அது மூலத்துல இருக்கா?”

சிரித்துக்கொண்டே போனாள். தன்னுடையதை முதலில் அடித்தாள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து என்னுடையதை அடித்தாள். பிழை எதுவும் இல்லை. கிடைத்ததென்று கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன்.