யானை எண்ணின பாறை

"ஓடாது"ன்னு என் வூட்டுக்காரி மஹ்ஜபீன்கிட்ட சொல்லிப் பாருங்க, அன்னிக்கு எனக்கு சோறு கெடைக்காது. சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் ரிப்பேர் கடை வெச்சிருக்கா. பக்கத்துல என் செருப்புக் கடை. என் கடைல வந்து நிக்கறவங்ககூட "மஹ்ஜபீன் அக்கா கடை எதுங்க?"ன்னுதான் கேப்பாங்க. எனக்குப் பொறாமை இல்லன்னா அது பொய்.

போன மாசம் கல்வராயன்மலைலேர்ந்து தமிழ்ப்ரியான்னு ஒரு பொண்ணு டேப்லட்டோட வந்துச்சு. அவங்க ஊருல சாயங்கால வகுப்பு எடுக்குது, பதினாலு பசங்க. டேப்லட்டக் குடுத்தது ஒரு அறக்கட்டளை. பாடமெல்லாம் அவங்க வெப்சைட்ல இருக்கு. ஆனா தொறந்தா 'பிளகின் இல்லை'ன்னு ஒரு சாம்பல் கட்டம்தான் வருது.

"சனிக்கெழம அறக்கட்டளை ஆபீசர் வர்றாருக்கா. பாடம் ஓடலன்னா வகுப்ப மூடி சாவிய வாங்கிக்கினு போயிடுவாராம்." சொல்லும்போதே அதுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

மஹ்ஜபீன் நோண்டிப் பாத்தா. பிளகின்னா பாடத்த ஓட வெக்கற குட்டி புரோகிராமாம். அதச் செஞ்சவங்களே கைகழுவி பல வருஷம் ஆச்சாம், இந்த டேப்லட்டுல அது ஏறவே ஏறாதாம். நான் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம். "அப்ப ஓடாதுன்னு சொல்லி அனுப்பேன்"னுட்டேன். ஒரு பார்வ பாத்தா பாருங்க, யா அல்லா!

மூணு மணி நேரம். பழைய பிரவுசர், பழைய பிளகின் ரெண்டையும் எங்கெங்கயோ தேடிப் புடிச்சு மெமரி கார்டுல போட்டு, டேப்லட்டு வேணாம் வேணாம்னு தடுக்கத் தடுக்க உள்ள ஏத்திட்டா. சாம்பல் கட்டத்துல ஒரு யானை வந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுச்சு. தமிழ்ப்ரியா கைதட்டிக்கினே ஓடிப்போய் மலை பஸ்ஸப் புடிச்சுது.

வெள்ளிக்கெழம சாயங்காலம் தமிழ்ப்ரியாகிட்டேர்ந்து போன். அந்த ஊருல சிக்னல் கெடைக்கறது ஒரே ஒரு பாறை மேலதான், டேப்லட்டுல பாடம் காட்டணும்னாலும் பசங்கள அங்கதான் கூட்டியாரணும். அங்க நின்னுக்கினு அழுவுது.

"ஆபீசர் வர்றாருன்னு எடத்தக் கூட்டி, சாணி தெளிச்சு, கோலம் போட்டோம்க்கா. டேப்லட்டும் 'புதுப்பிக்கவா?'ன்னு கேட்டுச்சு. அதுவும் பளிச்சுனு இருக்கட்டும்னு அமுக்கிட்டேன். யானை போயிடுச்சுக்கா!"

எனக்குச் சிரிப்பு தாங்கல. மஹ்ஜபீன் சிரிக்கல. "அதும்மேல இன்னா தப்பு? அப்டேட்ட நிறுத்தாம அனுப்புனவ நான்"னு தலைல அடிச்சுக்கினா.

மறுநாள் கடை ரெண்டையும் சாத்திட்டு என் டிவிஎஸ்ல கெளம்பினோம். ஏத்தத்துல வண்டி எங்க ரெண்டு பேரயும் இழுக்கல. "ஒடம்பக் கொறைங்கன்னா கேக்கறீங்களா"ன்னு என்ன எறக்கிவுட்டு அவ ஓட்டிக்கினு போயிட்டா. நாலு வளைவு நடந்தேங்க நானு.

பாறைக்கு நான் போய்ச் சேந்தப்ப அவ மெமரி கார்டச் சொருகி வேலைய முடிச்சு, அப்டேட்டயும் நிறுத்திட்டா. ஜீப்பும் வந்துடுச்சு. தமிழ்ப்ரியா கைல ஒரு கைக்குட்ட. பாடம் ஓடலன்னா குடுத்துடணுமேன்னு வகுப்புச் சாவிய அதுல முடிஞ்சு எடுத்தாந்திருந்துச்சு.

யானை எண்ணுச்சு. பசங்க பாறையே அதிர்ற மாதிரி கூடவே எண்ணினாங்க. ஆபீசர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தாரு.

"பதினெட்டு டேப்லட்டு குடுத்தோம்மா. இது ஒண்ணுலதான் ஓடுது. டீச்சருங்க சோம்பேறின்னு நெனச்சு அஞ்சு வகுப்ப மூடிட்டோம்."

மஹ்ஜபீனுக்கு மூக்கு சிவந்துடுச்சு. "குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ தொறந்து பாத்தீங்களா சார்?"

அவரு மெதுவா, "மத்ததெல்லாம் உங்க கடைக்கு அனுப்பட்டுமாம்மா?"ன்னாரு.

"அனுப்புங்க. அதுக்கு முன்னாடி அந்த அஞ்சு பேரோட சாவியத் திருப்பிக் குடுத்துடுங்க."

"குடுத்துடறேம்மா"ன்னாரு.

தமிழ்ப்ரியா கைக்குட்ட முடிச்ச அவுத்து, சாவிய எடுத்துத் தன் கழுத்துக் கயித்துல கோத்துக்கினுச்சு.